வெட்டியது யார் கையில் இருக்கிறது?

போன மாதம் நான் செய்த ஓர் அசட்டுத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாற்றுக்கு அப்புறம் போகலாம்.

எங்கள் அச்சகத்தில் ஒட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி காலமானார். எண்பத்தாறு வயது. தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு. துக்கம் கேட்டுவிட்டு வந்த நாலாம் நாள் அவருடைய மகள் போன் செய்தாள். "சித்தப்பா, பதினாறாம் நாளுக்கு அப்பாவைப் பத்திச் சின்னதா ஒரு புத்தகம் போடுறோம். அப்பா வேலை பார்த்த இடத்தைப் பத்தி எழுத உங்களை விட்டா ஆள் இல்லை" என்றாள். நான் முப்பத்திரண்டு வருடம் அங்கே புரூஃப் பார்த்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். மறுக்க முடியுமா?

இரண்டு நாள் உட்கார்ந்து கணினியில் நாலு பக்கம் தட்டினேன். நன்றாகவே வந்திருந்தது. என்னுடையது பழைய கணினி. பெங்களூரில் இருக்கும் என் மகன், இனி இதற்கு விண்டோஸ் தாங்காது என்று சொல்லி, லினக்ஸில் கனமில்லாத ஒரு வகையைப் போட்டுக் கொடுத்திருந்தான். "அப்பா, மெமரி கம்மி. ஒண்ணை மூடிட்டு இன்னொண்ணைத் திறங்க" என்றும் சொல்லியிருந்தான். அப்படியே செய்தேன். எழுதியது முழுவதையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் எக்ஸ் அடித்து வெட்டினேன். பக்கம் காலியானது. மூடப்போனபோது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. காலிப் பக்கத்தைச் சேமித்து என்ன செய்ய? வேண்டாம் என்றேன். பிறகு மின்னஞ்சலைத் திறந்து கண்ட்ரோல் வி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் அடித்தேன். பத்துத் தரமாவது அடித்திருப்பேன். நாலு பக்கமும் போயே போச்சு.

ஏன் நகல் எடுக்காமல் வெட்டினாய் என்று கேட்பீர்கள். அது அச்சகப் பழக்கம். ஒரே பத்தி இரண்டு இடத்தில் கிடந்தால் இரண்டு தடவை அச்சாகிவிடும், திட்டு புரூஃப் ரீடருக்கு விழும். எதையும் ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று கை பழகிவிட்டது.

மகனுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அப்பா, நீங்க வெட்டினீங்க, சரி. ஆனா அதை யாரும் கையில வாங்கிக்கலையே!"

அதைக் கேட்டதும் எனக்கு அண்ணாச்சி குரல்தான் ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் அச்சகத்துக்கு ஆஃப்செட் வந்தது. ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்த இடத்தில் புரோமைடுத் தாள் வந்தது. பத்தி பத்தியாக அச்சான அந்தத் தாளைக் கத்தரித்து, பக்க அளவுக் கட்டம் போட்ட அட்டையில் ரப்பர் பசை தடவி ஒட்ட வேண்டும். ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் அந்த ஒரு வரியை மட்டும் பிளேடால் கீறி எடுத்து, புது வரியை அங்கே பொருத்த வேண்டும். மின்விசிறி போட முடியாது, துண்டெல்லாம் பறந்துவிடும். மதுரை வெயிலில் அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அண்ணாச்சி பக்கத்தில் எப்போதும் ஒரு பலகை இருக்கும். நம் பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப் வைத்த அட்டை மாதிரி, கொஞ்சம் பெரியது. வெட்டிய துண்டை உடனே ஒட்டவில்லையென்றால் அந்தப் பலகையில் மாட்டிவிட வேண்டும். யாராவது துண்டை மேசையில் விட்டுவிட்டு டீக்குப் போய்விட்டால் அவருக்குக் கோபம் வரும். "தம்பி, வெட்டினவன் எந்திரிச்சுப் போறதுன்னா பலகையில மாட்டிட்டுல்லா போவணும்? நீ போயிட்டா அதை யாரு பாத்துக்கிடுவா?" என்பார். திருநெல்வேலிப் பேச்சு கடைசி வரை மாறவில்லை.

கணினிக்குள் இருக்கும் கிளிப்போர்டு என்ற பெயர் அந்தப் பலகையின் பெயர்தான். வெட்டி ஒட்டுவது என்ற யோசனை கணினிக்குள் போனதும் ஒரு பதிப்பகத்துக்காகத்தான். மகன் போனை வைத்த பிறகு சில நாள் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நமக்கு ஜெராக்ஸ் என்றால் தெருமுனைக் கடை. அமெரிக்காவில் அந்தப் பெயரில் இருந்த நிறுவனம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓர் ஆய்வகம் வைத்திருந்தது. 1973-ல் லாரி டெஸ்லர் என்ற இளைஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1945-ல் நியூயார்க்கில் பிறந்தவர், ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். கணினிக்காரர் என்றாலும், சின்னப் பத்திரிகை வேலைக்காகக் கத்தரியும் பசையும் கையில் எடுத்துப் பக்கம் ஒட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. அண்ணாச்சியின் தொழிலை அவரும் கொஞ்சம் பார்த்தவர்தான்.

அந்தக் காலத்தில் கணினியில் எழுதுவது மிரட்டலான வேலை. ஒரே விசை ஒரு நேரம் எழுத்து, இன்னொரு நேரம் கட்டளை. இப்போது நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டே தட்ட வேண்டும். அதே ஆய்வகத்தில் 1974-ல் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் பிராவோ என்ற எழுத்து மென்பொருளை உருவாக்கினார்கள். அதைப் பற்றி அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. கட்டளை நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும்? 'இ' என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடு. 'டி' என்றால் அழி. 'ஐ' என்றால் புதிதாகச் சேர். மிச்சம் இருக்கும் கடைசி 'டி' எழுத்து. ஆக, முழுக் கட்டுரையும் போய் அந்த ஒற்றை எழுத்து மட்டும் திரையில் நிற்கும். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு விசையில் நாலு பக்கத்தைத் தொலைத்த முதல் ஆள் நான் இல்லை.

டெஸ்லருக்கு இந்த நிலைகள் மேல் தீராத கோபம். நிலைகள் வேண்டாம் என்று பொருள்படும் 'நோ மோட்ஸ்' என்ற எழுத்துகளையே தன் காரின் நம்பர் பிளேட்டாக வாங்கி மாட்டிக்கொண்டவர் அவர். ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஜின் என்ற பாடப்புத்தகப் பதிப்பகம் அப்போது இருந்தது. அதன் ஆசிரியர்கள் கணினியிலேயே கையெழுத்துப் பிரதியைத் திருத்த வழி செய்ய வேண்டும் என்ற வேலை டெஸ்லருக்கும் டிம் மாட் என்பவருக்கும் வந்தது. பிராவோவின் அடித்தளத்தை எடுத்துக்கொண்டு 1974, 75-ல் ஜிப்ஸி என்ற மென்பொருளை இருவரும் எழுதினார்கள்.

இருவரும் பதிப்பக ஆசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். அவர்கள் தாளை வெட்டினார்கள், ஒட்டினார்கள். திரையிலும் அதையே செய்யட்டும் என்று முடிவு செய்தார்கள். மவுஸை அழுத்தி இழுத்தால் வரிகள் தேர்வாகும். வெட்டு என்றால் அந்தப் பகுதி மறைந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் போய் நிற்கும். ஒட்டு என்றால் வேண்டிய இடத்தில் வந்து இறங்கும். வெட்டிய துண்டை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் வசதி அதற்கு முன்பும் சில மென்பொருள்களில் இருந்தது. ஆனால் கட்டளைகளை மனப்பாடம் செய்த நிபுணர்களுக்குத்தான் அது கைவரும். ஜிப்ஸி அதைப் புரூஃப் ரீடர்கள் கையில் கொடுத்தது.

1980-ல் டெஸ்லர் ஆப்பிளுக்குப் போனார். 1983-ல் லிசா, 1984-ல் மேக்கின்டாஷ் என்று அங்கே கணினிகள் வந்தன. இசட், எக்ஸ், சி, வி என்று கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நாலு விசைகள் லிசாவில்தான் இந்த வேலைக்கு வந்தன. சி என்றால் நகல், அது சரி. எக்ஸ் என்றால் அடித்தல் குறி. வி எதற்கு? விடுபட்ட சொல்லைச் சேர்க்க நாங்கள் புரூஃபில் வரிக்குக் கீழே ஒரு கூரைக் குறி போடுவோம். அதைத் தலைகீழாகத் திருப்பினால் வி. டெஸ்லரே பின்னாளில் சொன்ன விளக்கம் இது. முப்பத்திரண்டு வருடம் நான் சிவப்பு மையில் போட்ட குறி, உலகத்தில் எல்லோருடைய கீபோர்டிலும் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போச்சு!

இனி என் மகன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வெட்டியதை யார் வாங்கி வைத்துக்கொள்வது?

1984-ன் மேக்கின்டாஷில் இருந்த நினைவகம் 128 கிலோபைட். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் ஓடும். எழுதும் மென்பொருளை மூடிவிட்டுத்தான் படம் வரையும் மென்பொருளைத் திறக்க முடியும். அப்படியென்றால் வெட்டிய துண்டை எழுதும் மென்பொருள் கையில் விட்டுவைக்க முடியாது. அது போனால் துண்டும் போய்விடும். அதனால் கணினியின் இயங்குதளமே துண்டை வாங்கி வைத்துக்கொண்டது. நினைவகத்தில் இடம் போதாவிட்டால் வட்டில் கிளிப்போர்டு என்ற கோப்பில் எழுதி வைத்தது. வறுமையில் பிறந்த ஒழுக்கம் என்று சொல்லலாம்.

1985-ல் வந்த முதல் விண்டோஸிலும் இயங்குதளம்தான் பொறுப்பு. ஆனால் அங்கே ஒரு தந்திரம் சேர்ந்தது. பெரிய அட்டவணையை நகல் எடுத்தால் மென்பொருள் அதை உடனே கொடுத்துவிட வேண்டியதில்லை. கேட்கும்போது தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் போதும். மூடும் நேரத்தில் இயங்குதளம் அந்த மென்பொருளைப் பார்த்து, கிளம்புவதற்கு முன் வாக்குக் கொடுத்ததையெல்லாம் வைத்துவிட்டுப் போ என்று சொல்லும். எக்ஸெலை மூடும்போது, கிளிப்போர்டில் நிறையத் தகவல் இருக்கிறது, பிறகு ஒட்டுவதற்கு வைத்திருக்கவா என்று ஒரு கேள்வி வருமே, வங்கியில் வேலை பார்த்த நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடன்காரனை வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்பது மாதிரி. இன்று நமக்குப் பழகிய கண்ட்ரோல் சி, வி விசைகள் விண்டோஸுக்கு வந்தது 1992-ல் 3.1 பதிப்போடு. அதற்கு முன் இன்செர்ட், டெலீட் விசைகளை கண்ட்ரோல், ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்துவார்கள். அவை பல இடங்களில் இன்னும் வேலை செய்கின்றன.

மூன்றாவது வழி அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பிறந்தது. என் நாலு பக்கம் தொலைந்தது இந்த வழியில்தான். 1984-ல் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் என்ற இருவர் அங்கே எக்ஸ் விண்டோ என்ற திரை அமைப்பை உருவாக்கினார்கள். 1987-ல் அதன் பதினோராம் பதிப்பு வந்தது. லினக்ஸ் கணினிகளில் இத்தனை வருடமாகத் திரையை நடத்திக்கொண்டிருந்தது அதுதான். அண்மைக் காலத்தில்தான் வேலாண்ட் என்ற புதியது அதன் இடத்தை எடுத்துக்கொண்டு வருகிறது.

அவர்களுடைய கணினிகள் வலைப்பின்னலில் இருந்தன. மென்பொருள் ஒரு கட்டடத்தில் ஓடும், திரை இன்னொரு கட்டடத்தில் இருக்கும். நகல் எடுத்த ஒவ்வொன்றையும் வலைப்பின்னல் வழியே அனுப்பிக்கொண்டிருந்தால் வீண் செலவு. எடுத்த நகலில் பாதியை யாரும் ஒட்டுவதே இல்லை. அதனால் அவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். நீங்கள் நகல் எடுக்கும்போது எதுவும் எங்கும் நகராது. அந்த மென்பொருள், 'இப்போது துண்டுக்கு நான்தான் சொந்தக்காரன்' என்று அறிவிக்கும், அவ்வளவுதான். நீங்கள் இன்னோர் இடத்தில் ஒட்டும்போது, அந்த இடத்து மென்பொருள் சொந்தக்காரனைத் தேடிப்போய் உன்னிடம் என்னென்ன வடிவில் இருக்கிறது என்று கேட்கும். சொந்தக்காரன் பட்டியல் சொல்லும். வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மென்பொருள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லும் விதிக் கையேடு ஒன்றை டேவிட் ரோசந்தால் எழுதினார். 1989-ல் அதன் முதல் பதிப்பு ஏற்கப்பட்டது. அதில் துண்டுகளுக்கு மூன்று பெயர்கள் உண்டு. முதன்மை, இரண்டாவது, கிளிப்போர்டு. மவுஸால் தேர்ந்தெடுத்தாலே போதும், நடு பட்டனை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்ற லினக்ஸ் வசதி அந்த முதன்மைத் துண்டால் வருவது.

எல்லாம் அழகான ஏற்பாடு. ஒரு குறைதான். சொந்தக்காரன் எழுந்து போய்விட்டால்? கேட்கப் போனால் அங்கே ஆள் இல்லை. துண்டும் இல்லை. அண்ணாச்சி கேட்ட அதே கேள்வி: நீ போயிட்டா அதை யாரு பாத்துக்கிடுவா?

எம்.ஐ.டி. ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. எக்ஸ் விண்டோவோடு எக்ஸ்கிளிப்போர்டு என்று ஒரு சின்ன மென்பொருளும் கூடவே வந்தது. அது சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது கிளிப்போர்டுத் துண்டுக்குச் சொந்தம் கொண்டாடியதும் போய் அதை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, இனி நான்தான் சொந்தக்காரன் என்று அறிவிக்கும். அதன் பிறகு எழுதிய மென்பொருளை நீங்கள் மூடினால் என்ன, அது செத்தே போனால் என்ன? துண்டு பத்திரம்.

இப்படித் திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு டீமன் என்று பெயர். ஆங்கிலத்தில் பேய் என்ற பொருளும் வரும். அறுபதுகளில் எம்.ஐ.டி.யில் வைத்த பெயர். மேக்ஸ்வெல் என்ற இயற்பியல் அறிஞர் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிப் பூதத்திலிருந்து அது வந்தது. நம் கதைகளில் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய குட்டிச்சாத்தான் உண்டே, அதன் அமைதியான உறவினர்.

பிறகு வந்த லினக்ஸ் திரைச்சூழல்கள் இதற்கென்று பணியாளர்களை வைத்துக்கொண்டன. கேடிஇ என்ற சூழலில் கிளிப்பர் என்ற மென்பொருள் ஒரு துண்டோடு நிற்காமல் கடைசியாக எடுத்த பல துண்டுகளைப் பட்டியலாக வைத்திருந்தது. கிளம்பப்போகும் மென்பொருள் தானே போய், 'நான் கிளம்புகிறேன், இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்' என்று பணியாளிடம் ஒப்படைக்கும் முறையும் ஏற்பட்டது. ஆனால் கனமில்லாத சூழல்களில் பல சமயம் இந்தப் பணியாளை வைப்பதில்லை. இடத்தை அடைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். என் கணினியில் நடந்தது அதுதான். அங்கே பிழை என்று எதுவும் இல்லை. பலகை இல்லாத ஒட்டு மேசை, அவ்வளவே.

மற்றவர்களும் பின்னால் இதே இடத்துக்கு வந்தார்கள். இன்றைய மேக் கணினியில் பிபோர்டு என்ற பின்னணிப் பணியாள்தான் துண்டை வைத்திருக்கிறது. விண்டோஸ் 2018 அக்டோபர் பதிப்பில் கிளிப்போர்டு வரலாறு என்ற வசதி வந்தது. விண்டோஸ் விசையோடு வி அழுத்தினால் கடைசி 25 துண்டுகள் வரை காட்டும். அதற்கும் பின்னால் ஒரு சேவை ஓடுகிறது. முதல் தடவை அதை இயக்கிவிட வேண்டும், தானாக வராது. உங்களில் பலர் விண்டோஸ்தான் வைத்திருப்பீர்கள், இன்றே அழுத்திப் பாருங்கள்.

பணியாளை வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. இரண்டு சங்கடங்கள் உண்டு.

ஒன்று, பணியாள் எதை வாங்கி வைக்கிறான் என்பது. ஒரே துண்டைச் சொந்தக்காரன் பல வேடங்களில் தருவான் என்றேன் அல்லவா? வெறும் எழுத்தாக, எழுத்துரு விவரத்தோடு, படமாக. சின்னப் பணியாளர்கள் வெறும் எழுத்தை மட்டும் வாங்கி வைப்பார்கள். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் உதிர்ந்துவிடும். இதில் தமிழர்கள் பட்ட பாடு தனி. தொண்ணூறுகளில் நாம் தட்டச்சு செய்த தமிழ் உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள்தான். தமிழ் எழுத்துரு அதன் மேல் போர்த்திய வேட்டி. வேர்டில் இருந்து வெட்டி நோட்பேடில் ஒட்டினால் எண்கள் மட்டும் போகும், எழுத்துரு போகாது. 'அன்புள்ள' என்று வெட்டியது, மூட்டைப்பூச்சி நசுக்கிய மாதிரி ஆங்கிலக் கிறுக்கலாய் வந்து நிற்கும். கணினி கெட்டுப்போச்சு என்று நான் எத்தனை தடவை பயந்திருப்பேன்! ஒருங்குறி வழக்கத்துக்கு வந்த பிறகுதான் தமிழ் எழுத்துகளுக்கென்று சொந்த எண்கள் வேலை செய்தன. வெறும் எழுத்தாக வெட்டினாலும் தமிழ் தமிழாகவே ஒட்டுகிறது.

இரண்டாவது சங்கடம் பெரியது. எதையும் மறக்காத பணியாள் ஆபத்தானவன். வங்கிக் கடவுச்சொல்லை நகல் எடுத்து ஒட்டுகிறீர்கள். உங்கள் வேலை முடிந்தது. பணியாளின் பட்டியலில் அது கிடக்கிறது. கணினியைத் தொடும் யாரும் பார்க்கலாம். கிளிப்போர்டை எட்டிப்பார்ப்பதற்கென்றே எழுதிய திருட்டு மென்பொருள்கள் இருக்கின்றன. மின்பணக் கணக்கு எண்ணை நகல் எடுத்தால், ஒட்டுவதற்குள் திருடனுடைய எண்ணாக மாற்றி வைக்கும் வகையும் உண்டு. அதனால்தான் 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, பின்னணியில் ஓடும் செயலிகள் கிளிப்போர்டைப் பார்க்க முடியாதபடி அடைத்தது. 2020-ல் ஐபோன், ஒரு செயலி கிளிப்போர்டைப் படித்தால் திரையில் அறிவிக்கத் தொடங்கியது. அன்று பல பெரிய செயலிகள் தேவையில்லாமல் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது வெளியே தெரிந்து சிரிப்பாய்ச் சிரித்தது. ஆக, நல்ல பணியாளுக்கு இரண்டு குணம் வேண்டும். கொடுத்ததைக் கீழே போடக்கூடாது. வேலை முடிந்ததும் மறந்துவிட வேண்டும்.

என் மகன் மறுநாள் பெங்களூரிலிருந்தே என் கணினிக்குள் நுழைந்து ஒரு கிளிப்போர்டுப் பணியாளை வைத்தான். கணினியை இயக்கும்போதே அது தானாக எழுந்துகொள்ளும். இருபது துண்டுகள் வைத்திருக்கும். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மூலையில் சின்னப் படமாகத் தெரிகிறது. "அப்பா, இப்ப வெட்டி, மூடி, ஒட்டிப் பாருங்க" என்றான். ஒட்டியது. "ஆனாலும் வெட்டாதீங்க, நகல் எடுங்க. முதல்ல சேமிங்க" என்றும் சொன்னான். ஓய்வு பெற்ற புரூஃப் ரீடருக்கு மகன் பாடம் சொல்லும் காலம்.

தொலைந்த நாலு பக்கம் வரவில்லை. பதினாறாம் நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கணினியைத் தொடவே மனம் வரவில்லை. பேரனுடைய பழைய பரீட்சை அட்டை பரணில் கிடந்தது. அதை எடுத்து, கோடு போட்ட தாளை மாட்டி, கையால் எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. முதலில் எழுதியதில் அச்சகத்தைப் பற்றி நிறைய இருந்தது. எந்த வருடம் எந்த மெஷின் வந்தது என்றெல்லாம். இரண்டாவதில் அதெல்லாம் வரவில்லை. மின்விசிறி இல்லாத அறையும், தோளில் போட்ட ஈரத் துண்டும், அந்தப் பலகையும், எங்களைத் திட்டிவிட்டு அவரே வாங்கிவந்து கொடுக்கும் டீயும்தான் வந்தன.

புத்தகம் கொடுத்த அன்று அவருடைய மகள் என்னிடம் வந்தாள். "சித்தப்பா, அப்பா வீட்டுலயும் இப்படித்தான். கரண்டு பில்லு, ரேஷன் சீட்டு எல்லாம் அந்தப் பலகையிலதான் மாட்டி வப்பாங்க. இன்னும் சுவத்துல தொங்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். அச்சகத்தை மூடும்போது வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். கடைசியாக மாட்டியிருந்தது மருந்துச் சீட்டு.

லாரி டெஸ்லர் 2020 பிப்ரவரியில் தன் 74-வது வயதில் காலமானார். அன்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் வெட்டி ஒட்டும் முறையைத் தந்தவர் என்று எழுதின. அண்ணாச்சிக்கு அப்படி யாரும் எழுதப்போவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இந்தத் தடவை நாலு வரிக்கு ஒரு தரம் சேமித்தேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது தொலைந்திருந்தால் எழுதுங்கள். எழுதி முடித்ததும், மூடுவதற்கு முன், அது யார் கையில் இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.